மானுக்குப் பின்னால் ஓடியவன்

அன்பு மகனுக்கு,

அம்மாவும் நானும் சுகம். உன் சுகம் அறிய ஆவல். கொஞ்சம் பெரிய எழுத்தாய் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தது மறந்திருந்தாலும் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவாய்.

அம்மா அனுப்பிய மிளகாய்த்தூள் பார்சல் திரும்பி வந்துவிட்டது. அந்த விலாசத்தில் அப்படி ஒருவரும் இல்லை என்று மேலே எழுதியிருந்தது. தபாலில் ஏதோ பிழை என்று அம்மாவுக்குச் சொன்னேன். இந்தக் கடிதத்தைச் சித்தியின் மகனிடம் கொடுத்துவிடுகிறேன். சனிக்கிழமைகளில் நீ அவன் வீட்டுக்குப் போகிறாயாம். வேறொன்றும் அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்குச் சீனி கூடிவிட்டது என்று டொக்டர் நடக்கச் சொன்னார். முதலில் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸைத்தான் சுற்றினேன், நீ பந்தடித்த வெளி. அது எப்பிங் காட்டின் வால் என்பது இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியாது. வாலைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு மைல் வடக்கே போனால் எப்பிங் ஊருக்கு அப்பால் தலை. இப்போது வியாழக்கிழமைகளில் வெள்ளனவே வெளிக்கிட்டு, பஸ் மாறி சிங்ஃபர்ட் பக்கம் போய்விடுகிறேன். கொனோட் வாட்டர் குளத்தில் மாண்டரின் வாத்து நிற்கிறது. ஆண் வாத்து மாப்பிள்ளைக் கோலத்தில் நீந்துகிறது, பெட்டை சாம்பல் நிறத்தில் ஒரு மூலையில். நீயும் நட, தம்பி. அறைக்குள் இருந்தால் யோசனைதான் வரும். நல்ல சப்பாத்தாய்ப் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் நட.

மரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹோர்ன்பீம், பீச், ஓக். பலதும் ஆள் உயரத்துக்கு மேலே மொட்டையடித்து வளர்ந்தவை. எங்கள் வேலியில் பூவரசங் கதியாலுக்குக் குழை வெட்டுவோமே, அதே வேலை. கீழே வெட்டினால் துளிரை மாடு தின்றுவிடும், அதனால் உயரத்தில் வெட்டியிருக்கிறார்கள். விறகுக்கு அப்படி வெட்டுவது ஊராரின் உரிமையாம். 1878-இல் சட்டம் வந்து, காட்டை லண்டன் மாநகர நிர்வாகம் பொறுப்பெடுத்தது. இல்லாவிட்டால் துண்டு துண்டாய் வேலி அடைத்திருப்பார்கள். ஆனால் அதோடு கொப்பு வெட்டுவதும் நின்றுவிட்டது. விட்ட கொப்பெல்லாம் இன்றைக்குத் தனித்தனி மரம்போலப் பருத்து நிற்கிறது. சிலது பாரம் தாங்காமல் அடிமரம் இரண்டாய்ப் பிளந்து கிடக்கிறது. உள்ளே கையை விட்டுப் பார்த்தேன், ஈரமாய், ஊறின கோப்பித்தூள்போல இருந்தது.

நீண்ட கொம்பு மாடுகளும் மேய்கின்றன. வேலி கிடையாது, கழுத்தில் ஒரு பெட்டி. எல்லைக்குக் கிட்டப் போனால் முதலில் சத்தம் கேட்கும், மீறினால் சின்னதாய்க் கரண்ட். அம்மா பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கும் இப்படி ஒன்று கட்ட வேண்டும் என்றாள். பகிடிக்குத்தான். உன் மகளுக்கு நீ தலை பின்னிவிடுகிற வீடியோவைக் கோயிலில் காணுகிற எல்லாருக்கும் காட்டுகிறவள் அவள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு போன் கோல் எடுக்க உனக்கு ஐந்து நிமிடம் இல்லையா? ஏழு கிழமை. சரி, விடு. நடக்கிறாயா? சப்பாத்து வாங்கினாயா?

போன கிழமை காட்டுக்குள் இருக்கிற ஹை பீச்சுக்குப் போனேன். 98-க்குப் பிறகு இப்போதுதான். பீச் இலை செம்பு நிறமாகிவிட்டது. தேத்தண்ணிக் கடை இன்னும் இருக்கிறது. அந்த இடத்தில் நின்றபோது இதை எழுதத்தான் வேண்டும் என்று பட்டது.

நீ மானுக்குப் பின்னால் ஓடவில்லை. அன்றைக்கு மானே வரவில்லை. நாங்கள் கைகோத்து நடந்துகொண்டிருந்தோம், மரத்துக்கு மேலே ஹெலிச் சத்தம் கேட்டது, மிகப் பதிவாய். பக்கத்து லிப்பிட்ஸ் ஹில்லில் பொலிஸ் ஹெலிகள் நின்ற காலம் அது. இப்போது அங்கே இல்லை. அது பொலிஸ் ஹெலி என்று எனக்கு அப்போது எங்கே தெரியும்? நான் உன் கையை உதறிவிட்டு ஓடினேன். ஒரு பீச் மரத்து வேருக்கு அடியில் பள்ளம் இருந்தது, அதற்குள் முகம் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியாய் நான் கண்டது, நீ அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டு ஹெலிக்குக் கை காட்டியதை.

95-இல் யாழ்ப்பாணமே வெளிக்கிட்டபோது அந்த மழைக்குள் உன்னைத் தோளில் வைத்து நாவற்குழிப் பாலம் தாண்டினவன் நான். அதை எத்தனை தரம் உனக்குச் சொல்லியிருப்பேன். லண்டனில் ஒரு காட்டுக்குள் விட்டுவிட்டு ஓடினதைச் சொல்லவில்லை.

நாய் கொண்டு வந்த ஒரு பெண்மணி உன்னைத் தேத்தண்ணிக் கடையடிக்குக் கூட்டி வந்திருந்தார். எல்லாருக்கும் முன்னால் உன் கன்னத்தில் அடித்தேன். மானுக்குப் பின்னால் ஓடினாயா என்று கத்தினேன். உனக்கு எட்டு வயது. நீ ஓம் என்றாய். பிறகு எல்லாக் கொண்டாட்டத்திலும் அதுவே கதையாகிவிட்டது. உன் கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்தும் சொன்னேன், சபை சிரித்தது, நீயும் சிரித்தாய். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீ விரும்பினால் சொல்லு, அல்லது நானே சொல்கிறேன்.

மழைக்காலம் தொடங்க முதல் ஒரு நாள் வா. வியாழன் முடியாவிட்டால் எந்த நாள் என்றாலும் சரி. சின்னவளைக் கூட்டிக்கொண்டு வா. கூட்டிவர முடியாவிட்டால் தனியே வா, ஒன்றும் கேட்க மாட்டேன். லவ்டன் ஸ்டேஷன் வாசலில் நிற்பேன், ஹை பீச்சுக்கு அங்கிருந்து நடக்கலாம். சப்பாத்து இல்லாவிட்டால் உன் பழையது படிக்குக் கீழே இருக்கிறது. பூஞ்சணம் துடைத்து, புது லேஸ் போட்டு வைத்திருக்கிறேன். மிளகாய்த்தூளையும் கையோடு கொண்டு வருகிறேன்.

அன்புடன்
அப்பா