தொட்டிச் சம்பங்கி ஏன் பூப்பதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் இதழின் மாடித் தோட்டப் பகுதியில், "முதல் வருஷம் பூத்த சம்பங்கி இப்போது புல் மாதிரி இலையாகவே நிற்கிறது" என்ற கேள்விக்கு, உரத்தைக் கூட்டச் சொல்லிப் பதில் வந்திருந்தது. தழைச்சத்து ஏறினால் இலைதான் இன்னும் மதர்க்கும்.

ஒரு சம்பங்கிக் கிழங்கு ஒரு பூந்தண்டு விட்டதோடு சரி. அடுத்த பூ, அதன் பக்கத்தில் கிளைத்த கிழங்குகளில் இருந்துதான் வரவேண்டும். தொட்டிக்குள் அவை நெருக்கியடித்துக்கொண்டு பூண்டுப் பல் அளவிலேயே நின்றுவிடுகின்றன. பூக்கிற கிழங்கு 25, 30 கிராமாவது இருக்கவேண்டும். கிலோவுக்கு 35, 40 நின்றால் சரியான அளவு.

ஆகவே பிரித்து நடுவதுதான் வழி. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, தண்ணீரை நிறுத்தி இலை பழுத்துக் காய்ந்ததும் தோண்டி எடுத்து, மண்ணை உதறி, நிழலில் ஒரு மாதம் பரப்பி வையுங்கள். ஆனி, ஆடியில் பெரியதை மட்டும் நடலாம். சின்னதைத் தனித் தொட்டியில் வளர்த்துத் தேற்றிக்கொள்ளலாம். 12 அங்குலத் தொட்டிக்கு மூன்று கிழங்கு போதும். முளை மேலே பார்க்க, அதன்மேல் ஓர் அங்குலம் மண். நட்ட மூன்று, நான்கு மாதத்தில் தண்டு வரும். ஆறு மணி நேர வெயில் கட்டாயம்.

வாங்கும்போது நிலச்சம்பங்கி என்றே கேளுங்கள். கொடிச் சம்பங்கி வேறு செடி. மாலைக்கு இதழ் ஒரே வரிசையாக உள்ள ஒற்றை ரகமே நல்லது. அதில், பெங்களூரு தோட்டக்கலை ஆய்வு நிலையத்தின் பிரஜ்வல் ரகத்தில் மொக்கு இளஞ்சிவப்பு ஓடி இருக்கும். அடுக்கு ரகத்தில் பாதி மொக்கு விரியாமலே உதிர்வதும் உண்டு.

மண் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடையில் தரும் கலவை பெரும்பாலும் தென்னை நார்க்கழிவு. ஐப்பசி மழையில் பஞ்சுபோல் நீரைப் பிடித்துக்கொண்டு கிழங்கை அழுக வைக்கும். அதற்குப் பதில் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய தொழு உரம் ஒன்று, தொட்டிக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. முளைக்கும்வரை விரல் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

இலையைத் தொட்டதும் அடியோடு கழன்று வந்தால் மண்மட்டத்தைப் பாருங்கள். வெள்ளை நூலும், கடுகு சிந்தினாற்போல் பழுப்பு மணிகளும் தெரிந்தால் அது தண்டழுகல் பூஞ்சை. அந்த மணிகள்தான் அதற்கு வித்துப்போல. மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். அந்த மண்ணை உரக்குழியிலோ அடுத்த தொட்டியிலோ கொட்டவேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நிலக்கோட்டை