பிறந்த தேதி பாஸ்வேர்ட் ஆகாது: பல்கலைக்கழகக் கணினி மையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கும் கணினி மைய இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம். சென்னையில் உங்கள் இணைப்புக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். வகுப்புப் பொறுப்பாசிரியர் என்பதால் மின்னஞ்சல், தேர்வுக் கட்டணம், போனஃபைடு, உதவித்தொகை என்று எதில் சிக்கல் வந்தாலும் மாணவர்கள் முதலில் என்னிடம்தான் வருகிறார்கள். இந்தச் சேவைகள் ஆன்லைனுக்கு வந்தது பெரிய நன்மை. திருத்தணியிலிருந்து ரயில் ஏறி வரும் பிள்ளைகள் ஒரு சான்றிதழுக்காக வகுப்பை விட்டுவிட்டு உங்கள் கவுண்டரில் நிற்க வேண்டியதில்லை. அந்த நன்மை நிலைக்க வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

பதிவு எண் பயனர் பெயர், பிறந்த தேதி பாஸ்வேர்ட் என்றுதான் ஒவ்வொரு மாணவருக்கும் கணக்கைத் திறந்து தருகிறீர்கள். பதிவு எண், தேர்வறை வாசலில் ஒட்டும் இருக்கைப் பட்டியலில் இருக்கிறது. பிறந்த தேதி ஹால் டிக்கெட்டிலேயே அச்சாகிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்தாகவும் வந்துவிடுகிறது. பூட்டுக்குப் பக்கத்திலேயே சாவியை மாட்டி வைத்தது போலத்தான் இது. உள்ளே இருப்பதோ மதிப்பெண், சாதிச் சான்றிதழ் நகல், உதவித்தொகை வரும் வங்கிக் கணக்கு எண், வீட்டு முகவரி. ஒரு மாணவியின் முகவரியும் கைபேசி எண்ணும் வகுப்பில் யார் நினைத்தாலும் கிடைத்துவிடும் என்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66சி-யின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆனால் வழக்கு என்பது கெட்டது நடந்த பிறகு வருவது. முதல்முறை லாகின் செய்யும்போதே புதிய பாஸ்வேர்ட் வைத்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும் என்று செய்வது உங்கள் கையில் இருக்கிறது.

அதற்காக, எங்கள் ஆசிரியர் கணக்குகளுக்குச் செய்வது போல மாதாமாதம் மாற்றச் சொல்லாதீர்கள். பெயருக்குப் பின்னால் மாதத்தைச் சேர்த்து எழுதும் பழக்கம்தான் வளர்கிறது. கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017-லேயே சொல்லிவிட்டது. நீளமான பாஸ்வேர்டை ஒருமுறை வைத்தால் போதும்.

அப்புறம் ஓடிபி. பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதை எஸ்எம்எஸ் ஒன்றை மட்டுமே நம்பி வைத்திருக்கிறீர்கள். பல மாணவர்கள் சேர்க்கையின்போது கொடுத்தது அப்பாவின் எண். அவர் வேலை நேரத்தில் போனை எடுக்க முடியாத இடத்தில் இருப்பார். அவருக்குப் போன் போட்டு எண்ணைக் கேட்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் கொஞ்ச நாளில் வேறொருவர் கைக்கே போய்விடலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் பல பகுதிகளில் போனில் சிக்னலே இல்லை என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். எஸ்எம்எஸ்ஸுக்கு மாற்றாக, போனிலேயே ஓடிபி காட்டும் ஆதென்டிகேட்டர் செயலியையும் அனுமதியுங்கள். அதற்கு சிக்னல் தேவையில்லை. தொடக்கத்தில் பதிந்த ரகசியக் குறியீட்டையும் நேரத்தையும் வைத்து, பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒருமுறை, போனே புதிய எண்ணைக் கணக்கிட்டுக் காட்டும். 2011-லேயே வெளியான திறந்த தரநிலை இது, செயலிகள் இலவசம். ஸ்மார்ட்போன் இல்லாத பிள்ளைகளுக்கு, ஒருமுறை மட்டும் செல்லும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். அவர்களை வெளியே நிறுத்தும் பாதுகாப்பை நான் பாதுகாப்பு என்று ஏற்கமாட்டேன்.

மாணவர்கள் போலி மின்னஞ்சலில் ஏமாறுகிறார்கள் என்று சுற்றறிக்கை அனுப்பினீர்கள். சரி. ஆனால் உங்கள் பிரிவுகளே ஜிமெயில் முகவரியிலிருந்து, சுருக்கிய இணைப்போடு, ‘இன்றே கடைசி நாள்’ என்று அனுப்புகின்றன. ஏமாற்றுக்காரன் அனுப்புவதும் அதே பாணியில்தான் இருக்கும். இரண்டையும் பதினெட்டு வயதுப் பிள்ளை எப்படிப் பிரித்தறியும்? ‘ஏசி.இன்’ என்று முடியும் முகவரியை நினைத்தவரெல்லாம் வாங்கிவிட முடியாது. கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் மத்திய அரசு அமைப்பான எர்நெட் இந்தியா பதிவு செய்து தருவது. அந்த முகவரியைத் தவிர வேறு எதிலிருந்தும் வருவது நம்முடையதல்ல என்று அறிவித்து, உங்கள் அலுவலகமே முதலில் அதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

கட்டணம் கட்டும் நாட்களில் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக் கணினிகளில்தான் பாதிப் பேர் லாகின் செய்கிறார்கள். சில நிமிடம் தொடாமல் இருந்தால் தானாக வெளியேறும் வசதியும், எல்லாச் சாதனங்களிலிருந்தும் ஒரே அழுத்தில் வெளியேறும் பொத்தானும் வேண்டும். பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைக்கச் சொல்லும் வரியும், உங்கள் உதவி எண்ணும் முகப்பிலேயே தமிழில் இருக்கட்டும்.

நவம்பர் தேர்வுக்குக் கட்டணம் கட்டும் பக்கம் திறப்பதற்குள், முதல் லாகினில் பாஸ்வேர்ட் மாற்றுவதையாவது கட்டாயமாக்கிவிடுங்கள். மற்றவற்றுக்குத் தேதி அறிவியுங்கள். செயலியைப் போனில் பதிந்து கொடுக்கும் வேலைக்கு எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் சனிக்கிழமைகளில் நான் உட்காரத் தயார்.

இப்படிக்கு,
இணைப்புக் கல்லூரி உதவிப் பேராசிரியர் ஒருவர்
சென்னை