சிவமயத்துக்குக் கீழே

அன்புள்ள பழனி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முட்டிவலி குறைந்தது என்று படித்ததில் சந்தோஷம். இங்கே வீட்டின் இரண்டாம் கட்டுக்கு ஓடு மாற்றுகிறோம், வீடெல்லாம் தூசி, அதனால்தான் உடனே எழுத முடியவில்லை.

அரசியல்வாதி மேடையில் பக்தியைப் பேசவே கூடாது என்று எழுதியிருந்தாயே. போன வாரம் நம் ஊர்க் குடமுழுக்குக்கு அப்படி ஓர் அரசியல்வாதி வந்தார், யார் என்று உனக்கே தெரியும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவதைப் பற்றி, எங்கே தங்குவார், கால் கொப்புளத்துக்கு என்ன போடுவார் என்பதுவரை அரை மணி நேரம் பேசினார். மனசிலிருந்துதான் பேசினார், எனக்கே கண் கலங்கிவிட்டது. இறங்கி வரும்போது, ஊருணி தூர்வார வந்த பணம் எவ்வளவு, வேலை ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டேன். "அண்ணே, என் மனசு முருகனுக்குத் தெரியும்" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் பரணைக் காலி செய்தபோது ஐயாவின் ரங்கூன் கணக்குப் பேரேடு கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் தலையில் பிள்ளையார் சுழி, சிவமயம், அதற்குக் கீழே வரவு, பற்று, வட்டி, அரையணா விடாமல். கோயிலுக்கு எடுத்துவைத்த மகமைகூட ஒரு வரியாக ஏறியிருக்கிறது. ஓரிடத்தில் கணக்கு இடிக்கிறது, ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி "என் பிழை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சிவமயம் எழுதியாயிற்றே என்று கீழே வெறுமையாக விடவில்லை பார். சாமி பார்க்கிறார் என்ற பயம் இருந்ததால்தான் அந்த அரையணாவையும் எழுதினார் என்று எனக்குப் படுகிறது.

அதனால் உன் பேச்சை என்னால் முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. பேசட்டும், நம் குன்றக்குடி மடத்துத் தலைவர் அடிகளார் பேசாத பக்தியா, ஆனால் அவர் ஊருக்கென்று கிராமத் திட்டம் போட்டு வேலையும் செய்து காட்டினார். பதவியேற்கும்போது கடவுள் அறிய என்றும் சொல்லலாம், உளமார என்றும் சொல்லலாம், அரசியல் சட்டமே இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறது. ஜெயலலிதா கடவுள் அறிய என்றார், 2021-ல் ஸ்டாலின் உளமார என்றார், ஆனால் விருப்பு வெறுப்பில்லாமல் நடப்பேன் என்று அடுத்து வருகிற வாசகம் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது வேறு விஷயம், அதை 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தடுக்கிறது, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் சேரும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஏழு பேர் அமர்வு சொல்லிவிட்டது, அதுவும் நாலுக்கு மூன்று என்ற கணக்கில். எனக்குத் தாங்காதது, பணத்தைப் பற்றிக் கேட்டவனுக்கு முருகனைக் காட்டியதுதான். முருகனுக்குத் தெரியும், சரி, ஊருக்கு யார் சொல்வது?

ஊருணிக் கணக்கைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறேன். 30 நாளைக்குள் பதில் தர வேண்டும், வந்ததும் நகல் அனுப்புகிறேன். அப்புறம், மாசியில் சிவராத்திரிக்கு வருவாய்தானே? பேரேட்டைத் துடைத்து எடுத்துவைத்திருக்கிறேன், உன் ஐயா பற்றும் அதில் இரண்டு பக்கம் இருக்கிறது.

அன்புடன்,
சொக்கு