கிட்லிங்டன் கவுன்சிலுக்கு, ஒற்றையடிப் பாதை பற்றி ஒரு மடல்

கிட்லிங்டன் பாரிஷ் கவுன்சில் (ஊராட்சி) உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்கு வடக்கே இருக்கிற உங்கள் ஊரில் பன்னிரண்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். இதன் ஆங்கிலப் படி உங்கள் எக்ஸிட்டர் ஹால் அலுவலகத்துக்குத் தனியாக வரும். தமிழிலும் எழுத ஒரு காரணம் உண்டு. ஆக்ஸ்போர்டு மருத்துவமனைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் வேலை கிடைத்து வருகிற எங்கள் ஆட்கள், அங்கே வாடகை கட்டுப்படியாகாமல் இந்தப் பக்கம்தான் வீடு தேடுகிறார்கள். இனி கட்டப்போகிற வீடுகளிலும் சிலர் வந்து சேர்வார்கள். அவர்களும் படிக்கட்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்களோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. கிராமமாகவேதான் இருப்போம் என்ற உங்கள் வீம்பு எனக்குப் பிடிக்கும். 2011 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 13,723. இங்கிலாந்திலேயே பெரிய கிராமம் இதுதான் என்று இங்கே சொல்லிக்கொள்கிறோம். சர்ரேயில் கிரான்லி, சசெக்ஸில் லான்சிங் என்று போட்டிக்கு ஆள் இருப்பதும் தெரியும். டவுனாக மாறுவது சட்டப்படி ரொம்பச் சுலபம். 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின்படி நீங்களே கூடி ஒரு தீர்மானம் போட்டால் போதும். பாரிஷ் கவுன்சில் டவுன் கவுன்சிலாகிவிடும், தலைவர் மேயர் என்று போட்டுக்கொள்ளலாம். 1980களில் அந்தக் கேள்வி வந்தபோது ஊர் வேண்டாம் என்றது. சும்மா கிடைக்கும் மேயர் பட்டத்தை வேண்டாம் என்ற உள்ளாட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்றால் கிராமசபையில் ஜனங்கள் எழுந்து நின்று எதிர்ப்பார்கள். வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும், அந்தக் கணக்கு எனக்குப் புரியும். இங்கே அப்படி இழக்க ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லின் மேல் உள்ள ஆசை மட்டும்தான்.

வேடிக்கை என்னவென்றால், ஊர்ப் பேரின் வாலிலேயே டவுன் இருக்கிறது. இங்கிலாந்தின் பழைய நிலக் கணக்கான 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே ஏட்டில் செடலின்டோன் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த 'டன்' பழைய ஆங்கிலத்தில் பண்ணை, குடியிருப்பு என்று பொருள்படும் சொல். இன்றைய டவுன் அதிலிருந்துதான் வந்தது. கிழக்கே செர்வெல் ஆறு, மேற்கே ஆக்ஸ்போர்டு கால்வாய். நடுவே பான்பரி சாலையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த ஊர். தேம்ஸ் வேலி போலீஸின் தலைமையகம் இங்கேதான். ஊரை ஒட்டி ஒரு விமான நிலையம், அதற்குப் பெயர் லண்டன் ஆக்ஸ்போர்டு விமான நிலையம். லண்டன் எங்கே இருக்கிறது, நாம் எங்கே இருக்கிறோம்! அதை விட்டுவிடுவோம்.

இத்தனையும் இருக்கிற ஊரைக் கிராமம் என்று நான் எப்போது ஒப்புக்கொண்டேன் என்று சொல்கிறேன். வந்த முதல் குளிர்காலம். இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழரைக்கு வீடு திரும்புகிறேன். என் வீட்டுக் குப்பைத் தொட்டியைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் டிரெஸ்ஸிங் கவுனோடு தெருவோரத்துக்கு உருட்டிக்கொண்டிருந்தார். நான் வெளியே வைத்திருந்தது பச்சை. அந்த வாரம் நீலத் தொட்டியின் முறை. "லாரி வருவதற்குள் மாற்றிவிட்டேன்" என்றார், அவ்வளவுதான். அடுத்த வாரம் என் கதவிடுக்கில் ஒரு காகிதம்: எந்த வாரம் எந்தத் தொட்டி என்று பென்சிலில் கட்டம் போட்டு எழுதியிருந்தது. கடைசி வரியில், சர்ச்சுக்குப் பின்னால் வயல் வழியாக நடக்கிற பாதைக்கு ஒரு சின்னப் படம், அம்புக்குறியோடு. அதை நான் கேட்கவே இல்லை.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டுதான் பழைய ஊரைக் கண்டுபிடித்தேன். கடைத்தெருவிலிருந்து பார்த்தால் இப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரியாது. சர்ச் தெருவில் சர் வில்லியம் மார்ட்டன் 1671இல் கட்டிய ஏழை முதியோர் இல்லங்கள், ஜன்னல்களுக்கு மேலே அவர் மனைவி மக்களின் பெயர்கள் செதுக்கியிருக்கும். அப்புறம் செயின்ட் மேரி சர்ச். அதன் கூர்கோபுரத்துக்கு ஊரில் மாதாவின் ஊசி என்று பெயர். ஆற்றோரப் புல்வெளியில் நின்று திரும்பிப் பார்த்தால் பதினாலாயிரம் பேர் வாழும் ஊர் மரங்களுக்குள் ஒளிந்துவிடும், ஊசி மட்டும் நிற்கும்.

இதுவரை இந்த ஊர் இரண்டு முறை பெரிய செய்தியாகிப் பார்த்திருக்கிறேன். முதல் முறை 2016 கோடையில். சீனச் சுற்றுலாப் பயணிகள் பஸ் பஸ்ஸாக பென்மீட் சாலைப் பக்கம் வந்து இறங்கினார்கள். ஒன்றுமில்லாத தெரு. செங்கல் வீடு, வேலி, ரோஜாச் செடி, நிறுத்தி வைத்த கார். எல்லாவற்றையும் படம் பிடித்தார்கள். நானும் அந்தத் தெருவில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மாள் என்னையும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்து, "உங்கள் பஸ் அந்தப் பக்கம்" என்று கை காட்டினார். பிற்பாடுதான் சேதி தெரிந்தது. பக்கத்து உட்ஸ்டாக்கில் இருக்கிற பிளெனம் அரண்மனைக்குத் தனிக் காசு கொடுக்காதவர்களை வழிகாட்டிகள் இங்கே இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அரண்மனை வாசல்வரை கூட்டிப்போனால் அங்கேயே மலிவாக டிக்கெட் வாங்கிவிடுவார்களாம். ஊரே சிரித்தது. ஆனால் வந்தவர்கள் இங்கே என்ன பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் முதல் வாரம் அதே மாதிரி வேலிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தவன்தான்.

இரண்டாம் முறை 2025 நவம்பரில். ஏ34 சாலைக்கும் செர்வெல் ஆற்றுக்கும் நடுவே ஒரு வயலில் யாரோ திருட்டுத்தனமாகக் குப்பையைக் கொட்டி, சுமார் 150 மீட்டர் நீளத்துக்கு மலையாகக் குவித்திருந்தார்கள். நாடாளுமன்றம் வரை பேச்சு. யார் கொட்டியது என்பது விசாரணைக்காரர்கள் பாடு. என் மண்டையில் ஓடியது வேறு: அந்த வயலுக்குள் தினமும் நாலு பேர் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்திருந்தால், முதல் லாரியிலேயே யாராவது உங்களுக்குப் போன் போட்டிருப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செர்வெல் மாவட்டக் கவுன்சில் 2020 செப்டம்பரில் ஏற்றுக்கொண்ட திட்டப்படி, ஆக்ஸ்போர்டுக்குள் இடம் போதாமல் நம்மையும் பக்கத்துக் கிராமங்களான யார்ன்டன், பெக்புரோக்கையும் சுற்றி 4,400 வீடுகள் வரப்போகின்றன. நகரம் பரவாமல் இருக்கக் கட்டடம் கட்டாமல் காத்து வைத்த பசுமை வளையத்து வயல்கள் பல போகின்றன. ஆக்ஸ்போர்டு யுனைடெட் கால்பந்து அணியின் 16,000 இருக்கை மைதானத்துக்கும் 2025 ஆகஸ்டில் மாவட்டத் திட்டக்குழு சரி சொல்லிவிட்டது. ஊர் மொத்தமும் போய் உட்கார்ந்தாலும் நாற்காலி மிஞ்சும். நமக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் நடுவே இருக்கிற காலி இடம்தான் நம்மைத் தனி ஊராக வைத்திருக்கிறது என்று நீங்கள் பல வருஷமாகச் சொல்லி வருகிறீர்கள். நியாயம்தான். ஆனால் வீடே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த மாதிரி ஒரு வீட்டுக்காக நானும் அலைந்திருக்கிறேன்.

என் பயம் இதுதான். ஒவ்வொரு புது நகரும் பெரிய சாலையைப் பார்த்து ஒரே ஒரு வாசலோடு கட்டப்படும். வருகிறவர்கள் காரை எடுத்தால் ரவுண்டானா, அங்கிருந்து ஆக்ஸ்போர்டு, இல்லாவிட்டால் 2015இல் திறந்த பார்க்வே ஸ்டேஷனில் ரயிலைப் பிடித்து லண்டன். நம் கடைத்தெருவுக்கு வர அவர்களுக்குக் காரணமே இருக்காது. அஞ்சல் முகவரியில் கிட்லிங்டன் என்று இருக்கும், சர்ச் தெரு எங்கே என்று தெரியாது. அந்தப் பென்சில் காகிதத்தை அவர்கள் கதவில் யார் செருகப் போகிறார்கள்?

அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் மாவட்டத்தின் கையில், தெரியும். ஆனால் ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கருத்துக்கு வருகிறது. பொது நடைபாதைகளைப் பராமரிக்கும் அதிகாரம் சட்டப்படி உங்களுக்கு உண்டு. ஆகவே, வீடு எத்தனை, மாடி எத்தனை என்று மல்லுக்கட்டுகிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்: ஒவ்வொரு புது நகரிலிருந்தும் கடைத்தெருவுக்கு, சர்ச்சுக்கு, கால்வாய்க் கரைக்கு நடந்தே வர ஒரு பாதை. தள்ளுவண்டியில் குழந்தையோடு மழை நாளில் வர முடிகிற பாதை. கட்டி முடித்தபின் பார்க்கலாம் என்றால் அங்கே யாராவது வேலி போட்டிருப்பார்கள். ஏற்கெனவே இருக்கிற ஒற்றையடிப் பாதைகளில் அம்புப் பலகை விழுந்து கிடக்கும் இடங்கள் மூன்று எனக்கே தெரியும். வேலியை ஏறித் தாண்ட வைத்த படி ஒன்றும் முட்புதர் மூடிக் கிடக்கிறது. அங்கே போன மாதம் என் கால்சட்டை கிழிந்தது.

அந்த நாலு இடத்தையும் படத்தில் குறித்து ஆங்கிலப் படியோடு இணைத்திருக்கிறேன். எந்தச் சனிக்கிழமை காலை உங்களுக்குத் தோதோ சொல்லுங்கள், சர்ச் வாசலில் ஒன்பது மணிக்கு நிற்கிறேன். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள், ஆற்றோரம் சேறு. ஃபிளாஸ்கில் டீ நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
நீலத் தொட்டி வாரத்தை இப்போதும் மறந்துபோகும்
உங்கள் ஊர்க்காரன்