பழைய தேக்கு நாற்காலியின் மேல் எனாமல் பூச வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மரச்சாமான்களை வாங்கி வீட்டை அழகுபடுத்துவது குறித்துத் தங்கள் வார இணைப்பில் வந்த பக்கத்தைப் படித்தேன். புதிய பிளைவுட் சாமானுக்குக் கொட்டும் பணத்தில் பாதிகூட ஆகாமல் ஆயுளுக்கும் நிற்கும் தேக்கு நாற்காலி கிடைக்கும் என்பது உண்மை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், "உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டுப் பிடித்த நிறத்தில் எனாமல் இரண்டு கோட் அடியுங்கள்" என்ற யோசனையைத் திருத்தியே ஆக வேண்டும். அது மரத்துக்குக் கேடு. சில சாமான்களில் வீட்டுக் குழந்தைகளுக்கும் கேடு.

குழந்தைகள் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் வந்தது. 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் பூசப்பட்ட மஞ்சள், சிவப்பு, பச்சைப் பெயிண்டில் ஈயம் நிறையவே இருக்க வாய்ப்புண்டு. பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் தொட்டில், நடைவண்டி, மரக்குதிரை எல்லாம் பெரும்பாலும் இந்த நிறங்களில்தான் இருக்கும். அவற்றை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூள் தரையில் படியும். தவழும் குழந்தையின் கைவழியாக வாய்க்குப் போகும். வளரும் மூளையை ஈயம் பாதிக்கும், அந்தப் பாதிப்பு திரும்பச் சரியாவதில்லை. பழைய பெயிண்டை எடுத்தே ஆக வேண்டுமென்றால் நீர் தாங்கும் உப்புத்தாளை நனைத்து, முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, அடியில் பிளாஸ்டிக் விரித்துத் தேய்க்க வேண்டும். தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். குழந்தை கடிக்கக்கூடிய சாமானாக இருந்தால் வாங்காமல் விடுவதே என் யோசனை.

இனி நாற்காலிக்கு வருவோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த சாமான்களைப் பார்க்கலாம். மற்ற ஊர்களிலும் பழைய சாமான் கடைகள் இல்லாமலில்லை. எங்கே வாங்கினாலும் முதலில் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். காலின் அடிமுனையில் மரத்தின் ரேகை தெரியும். அங்கே அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் அது பிளைவுட்; மேலே ஒட்டியிருப்பது மெல்லிய தேக்குத் தோல் மட்டுமே. அதை இரண்டு முறை அழுத்தித் தேய்த்தால் கீழ்ப்பலகை வெளியே வந்துவிடும். சிறு துளைகள் தெரிந்தால் கறுப்புத் தாளின் மேல் நிறுத்தி லேசாகத் தட்டுங்கள். முகப்பவுடர் போல மாவு புதிதாக உதிர்ந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. மரப்பூச்சிக்கான மருந்தை ஊசிக்குழலால் ஒவ்வொரு துளையிலும் செலுத்தி, துளையை மெழுகால் அடைத்து, சில வாரம் மற்றச் சாமான்களிடமிருந்து தள்ளி வையுங்கள். தேக்கின் நடுக்கட்டையை வண்டு எளிதில் தொடாது. ஓரத்து வெளிர்ப் பகுதியில்தான் துளை அதிகம் இருக்கும்.

தேக்குக்கு எனாமல் ஏன் ஆகாது? தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கடைந்தெடுத்துத் தேய்த்தாலும் அந்தப் பசை மேலே கசிந்து வரும். பெயிண்ட் பிடிப்பு விட்டு ஒன்றிரண்டு ஆண்டில் சில்லுச் சில்லாக உரியும். இருக்கையில் பிரம்பு பின்னும் துளைகளையும் மூட்டு இடுக்குகளையும் பெயிண்ட் அடைத்துக்கொள்ளும். பிறகு பழுது பார்க்க வருகிற தச்சருக்குப் பெயிண்டைச் சுரண்டவே ஒரு நாள் போய்விடும்.

உப்புத்தாளை எடுக்கும் முன், மேலே இருப்பது என்ன பூச்சு என்று கண்டுபிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஸ்பிரிட்டில் (பாலிஷுக்கு விற்கும் எரிசாராயம்) நனைத்த பஞ்சை அரை நிமிடம் வையுங்கள். பூச்சு பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு மசியாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ் அல்லது பிற்காலப் பூச்சு. பழைய தேக்குச் சாமான்களில் பலவும் அரக்குப் பாலிஷ்தான். அப்படியானால் எதையும் சுரண்ட வேண்டாம். இளஞ்சூட்டு நீரில் துளி சோப்பு கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து அழுக்கை எடுங்கள். அடுத்து டர்பன்டைனால் பழைய மெழுகையும் எண்ணெய்க் கறையையும் துடையுங்கள். பாதி நாற்காலிகளுக்கு இதுவே போதும். கறுத்துப்போன மரத்துக்கு அடியிலிருந்து தேன் நிறம் எழும்பி வரும்.

ஆடும் கால்களுக்கு ஆணி அடிப்பது பெரிய தவறு. மூட்டுக்குள் செருகியிருக்கும் மரமுனையான கூர்முளையை ஆணி பிளந்துவிடும், பிறகு அந்த மூட்டை மீட்கவே முடியாது. மூட்டைக் கழற்றி, காய்ந்த பழைய பசையை முழுவதும் சுரண்டுங்கள், ஏனென்றால் பழைய பசையின் மேல் புதுப் பசை ஒட்டாது. மரப்பசை தடவிப் பொருத்தியதும், நான்கு கால்களையும் சுற்றிக் கயிறு கட்டி, நடுவே குச்சி செருகி முறுக்குங்கள். கயிறு இறுக இறுக மூட்டு உட்காரும். தரை சமமான இடத்தில் 24 மணி நேரம் அப்படியே இருக்கட்டும்.

துடைத்தது போதாமல் புதிதாகப் பாலிஷ் போடுவதானால், அதைப் பிரம்பு பின்னுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 முதல் 150 கிராம் அரக்குத் தகடு போதும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டுங்கள். இரும்பு டப்பா கூடாது, கரைசல் கறுத்துப்போகும். கரைத்து ஆறு மாதமாகிவிட்டால் அதைக் கொட்டிவிடுங்கள். பழைய கரைசல் எத்தனை நாளானாலும் முழுதாகக் காயாது. உட்காருகிறவர் முதுகில் ஒட்டும். "பாலிஷ் ஒத்துக்கொள்ளவில்லை" என்று பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

முட்டை அளவு பஞ்சை, துவைத்துத் துவைத்து நைந்த வேட்டித் துணியில் பொதிந்துகொள்ளுங்கள். கரைசலைப் பஞ்சில் ஊற்ற வேண்டும், துணியை அதில் முக்கக் கூடாது. ரேகையின் போக்கிலேயே நீளமாக இழுங்கள். மரத்தின் மேல் கையை நிறுத்தினால் அந்த இடம் இளகித் தழும்பாகும். கால் மணி நேர இடைவெளியில் மூன்று பூச்சு. மறுநாள் 400 எண் உப்புத்தாளால் மிக லேசாக வருடி, மேலும் மூன்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கிப் பால் படிந்தது போல வெளுக்கும். அப்படி வெளுத்தால் காய்ந்த நாளில் பஞ்சில் சில சொட்டு ஸ்பிரிட் மட்டும் விட்டு வருடினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஸ்பிரிட் எளிதில் தீப்பிடிக்கும், குடித்தால் விஷம். அடுப்பு, பூஜை விளக்கு இருக்கும் அறையில் வேலை செய்யாதீர்கள், தண்ணீர் பாட்டிலில் ஊற்றியும் வைக்காதீர்கள்.

இப்போது பிரம்பு. நாற்காலிச் சட்டத்தைச் சுற்றித் துளைகள் இருந்தால் கையால் பின்னியது. துளையின்றி ஓரத்தில் காடி (நீளப் பள்ளம்) மட்டும் ஓடினால், ஆயத்தமாகப் பின்னிய விரிப்பை வாங்கி, நனைத்து, காடியில் அமுக்கி, மேலே பிரம்புக் கட்டையால் அடைக்கலாம். இது ஒரு பிற்பகல் வேலை. துளை வைத்த நாற்காலிக்கு இரண்டு, மூன்று நாள் ஒதுக்குங்கள். துளை கால் அங்குலமாகவும், நடுவிலிருந்து நடுவுக்கு முக்கால் அங்குலமாகவும் இருந்தால் 3 மி.மீ. அகலப் பிரம்பு நார் வேண்டும். துளைகள் அரை அங்குல இடைவெளியில் நெருங்கியிருந்தால் இரண்டேகால் மி.மீ. ஓரடிக்கு ஓரடி இருக்கைக்கே சுமார் 250 அடி நார் ஆகும்.

நார் இருபது நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறினால் போதும், மணிக்கணக்கில் போட்டால் சாம்பல் நிறமாகும். பளபளப்பான பக்கம் எப்போதும் மேலே. நடுத்துளையில் தொடங்கி முன்பின்னாக முதல் வரிசை, அதன் மேல் இடவலமாக இரண்டாவது, பிறகு அதே துளைகளில் மீண்டும் முன்பின்னாக மூன்றாவது. இந்த மூன்றிலும் பின்னலே இல்லை, வெறும் அடுக்குதான். நான்காவது வரிசை இடவலமாகப் போகும்போதுதான் பின்னல் தொடங்குகிறது: மூன்றாவது வரிசைக்கு மேலும் முதல் வரிசைக்குக் கீழும் நுழைய வேண்டும். ஐந்தாவதும் ஆறாவதும் மூலைவாட்டில் எதிரெதிராக வரும். ஒன்று முன்பின்னாக ஓடும் நார் ஜோடிக்கு மேலும் இடவலமாக ஓடும் நார் ஜோடிக்குக் கீழும் போனால், மற்றது அதற்கு நேரெதிர். சரியாகப் போகிறதா என்பதை விரலே சொல்லிவிடும். சரியான திசையில் நார் இடுக்குக்குள் வழுக்கிக்கொண்டு உட்காரும், தப்பினால் உரசிச் சிக்கும். அங்கேயே நிறுத்தி மாற்றுங்கள். மூலைத் துளை ஒவ்வொன்றிலும் ஒரே திசை மூலைவாட்டு நார்கள் இரண்டு சேரும், அது பிழையல்ல. கடைசியாக ஓரத்தில் அகல நாரை வைத்து மெல்லிய நாரால் துளைக்குத் துளை கட்டினால் ஏழாவது வேலையும் முடிந்தது. இடையிடையே நார் நழுவாமல் துளைகளில் மூங்கில் குச்சி ஆப்பு செருகிக்கொள்ளுங்கள்.

புதிதாகப் பின்னுகிறவர்களிடம் அதிகம் காணும் கோளாறு முதல் வரிசைகளையே விறைப்பாக இழுத்துவிடுவது. ஒவ்வோர் அடுக்கும் முந்தையதை இறுக்கும். ஆரம்பத்திலேயே இறுக்கினால் ஆறாவது வரிசைக்கு இடமிருக்காது, நார் அறுந்துபோகும். பொறுமையும் விரல் நுட்பமும் கேட்கும் தொழில் இது. பார்வையற்றோருக்கான பயிற்சிப் பள்ளிகளில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. தானே பின்ன நேரமில்லாதவர்கள் அப்படிக் கற்றவர்களைத் தேடி வேலை கொடுத்தால் நல்லது. அவர்கள் கைப்பின்னலுக்குப் பிளாஸ்டிக் வயர் ஈடாகாது.

பின்னி முடித்த இருக்கையில் ஒரு நாள் உட்காரக் கூடாது. மேல்பக்கம் வார்னிஷ் பூசினாலும் அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். நார் ஈரத்தை இழுப்பது அந்தப் பக்கம்தான், அதை அடைத்தால் வறண்டு ஒடியும். ஆண்டுகள் போய் நடுவில் தொய்ந்தால் நாற்காலியைக் கவிழ்த்து, சுடுநீரில் நனைத்த துணியை அடிப்பக்கத்தில் அரை மணி நேரம் போட்டு, இரவு முழுக்க நிழலில் காயவிடுங்கள். காயும்போது நார் சுருங்கி இருக்கை மறுபடி விறைக்கும். முழங்காலை ஊன்றியோ ஏறி நின்றோ பரணில் எதையும் எடுக்க வேண்டாம், பிரம்பிருக்கைகள் பெரும்பாலும் அப்படித்தான் கிழிகின்றன.

அதே பக்கத்தில் பித்தளைச் செம்பை இரவு முழுக்கப் புளியில் ஊறவைக்கச் சொல்லியிருந்தார்கள். அதுவும் தவறு. சில நிமிடம் தேய்த்துக் கழுவினாலே கறுப்பு போகும். மணிக்கணக்கில் புளியில் கிடந்தால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் மேலே நின்று பாத்திரம் திட்டுத்திட்டாகச் சிவக்கும். அந்தச் சிவப்பைப் போக்க நெடுநேரம் மெருகேற்ற வேண்டியிருக்கும்.

இந்தத் திருத்தங்களைத் தங்கள் இணைப்பிலேயே வெளியிட வேண்டுகிறேன். முழுவதற்கும் இடமில்லையென்றால், பழைய பெயிண்டைப் பற்றிச் சொன்ன பத்தியையாவது அடுத்த வாரமே போடுங்கள். தொட்டிலைத் தேய்க்க உட்காரும் முன் அது பெற்றோர் கண்ணில் பட வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகி, சிவகங்கை மாவட்டம்