வேர் அழுகல் என்பது ஒரே நோய் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மக்காச்சோளம், சோயா சாகுபடிக் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. வேர் அழுகல் விவசாயியின் கவனக்குறைவால், தண்ணீரை அளவுக்கு மீறிப் பாய்ச்சுவதால் வருகிறது, பூஞ்சணக்கொல்லியைக் கரைத்துத் தூரில் ஊற்றினால் கட்டுப்படும் என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு இதழை மூடி வைத்தவள்தான், இரண்டு நாள் திறக்கவில்லை. இதே ஆலோசனையை நம்பிப் பயிரை இழந்தவள் நான்.

நான் முதன்முதலில் சோயா விதைத்தபோது, முளைத்த சில நாட்களிலேயே பள்ளமான பகுதியில் செடிகள் சாய்ந்தன. பிடுங்கினால் வேரின் மேல்தோல் கையோடு உருவி வந்தது. உள்ளே நூல் போல ஒன்றுதான் மிச்சம். கார்பென்டாசிம் என்ற பூஞ்சணக்கொல்லியை ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினேன். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஊற்றினேன். சாய்ந்தது ஒன்றுகூட எழவில்லை. பிறகு ஓர் ஆய்வகத்தில் வேரைக் கொடுத்தபோதுதான் அது பித்தியம் என்ற நோய்க்கிருமி என்றார்கள். பித்தியம் உண்மையான பூஞ்சையே இல்லை. அதன் வித்துகள் ஈர மண்ணில் நீந்திப் போய் வேரைப் பிடிக்கும். கார்பென்டாசிம் அதை ஒன்றும் செய்யாது. மெட்டலாக்சில் போன்ற மருந்துதான் கேட்கும், அதையும் விதைக்கும் முன் விதை நேர்த்தியிலேயே சேர்த்திருக்க வேண்டும். சோயாவை அழிக்கும் பைட்டோப்தோராவும் இதே கூட்டம்தான். எந்த மருந்து எதற்கு என்று சொல்லாமல் 'பூஞ்சணக்கொல்லி' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், படிக்கிறவர் கடையில் கொடுப்பதை வாங்கி ஊற்றுவார். நானும் அப்படித்தான் ஊற்றினேன்.

சரி, அந்த முறை தண்ணீர் தேங்கியது, என் குறை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு வருடம் மழையே இல்லை. மண் வெடித்துக் கிடந்தது. காய் பிடிக்கும் நேரத்தில் சோயா திட்டுத் திட்டாகக் காய்ந்தது. தண்டை அடியில் கீறிப் பார்த்தால் கரித்தூளைத் தூவியது போல நுண்ணிய கறுப்புப் புள்ளிகள். மேக்ரோபோமினா என்ற பூஞ்சையால் வரும் கரி அழுகல். வெயிலும் வறட்சியும்தான் அதற்குக் கொண்டாட்டம். அங்கே நான் எந்தத் தண்ணீரை அதிகமாகப் பாய்ச்சினேன், ஐயா?

அதற்கும் முன்பு உங்கள் இதழிலேயே, சோயாவை அடுத்து மக்காச்சோளம் போட்டால் மண்ணில் உள்ள நோய் ஒழிந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அதையும் செய்தேன். கதிர் முற்றுவதற்குள் மக்காச்சோளத் தட்டை அடியில் மடிந்து சாய்ந்தது. பிளந்தால் உள்ளே மெத்தென்ற சோற்றுப் பகுதி நைந்துபோய், நார்களின் மேல் அதே கறுப்புப் புள்ளிகள். சுமார் 500 வகைச் செடிகளைத் தாக்கும் நோய்க்கு மக்காச்சோளம் எப்படி மாற்றுப் பயிராகும்? 1971இல் அமெரிக்காவின் ஆர்கன்சாஸில் முதலில் கண்ட சோயாவின் திடீர்ச் சாவு நோயும் அப்படித்தான். அதற்குக் காரணமான ஃபியூசேரியம் என்ற பூஞ்சை, அறுவடைக்குப் பிறகு நிலத்தில் கிடக்கும் மக்காச்சோள மிச்சங்களிலும் பிழைத்துக் கிடக்கும். பயிர் சுழற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த இரண்டு பயிரை மட்டும் மாற்றி மாற்றிப் போடுவதைச் சுழற்சி என்று நம்ப வைக்காதீர்கள்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. கேள்வி பதில் பகுதிக்கு மூன்று முறை எழுதினேன், வேரின் படத்தோடு. ஒரு முறைதான் பதில் வந்தது. இலை மஞ்சளாக இருப்பதால் நுண்ணூட்டம் தெளிக்கவும் என்றிருந்தது. நான் அனுப்பிய வேரை யாரும் பார்க்கவே இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. இத்தனை வருடங்களில் நீங்கள் அச்சிட்ட நோய்ப் படங்களில் வேர் ஒன்றாவது உண்டா? எல்லாம் இலைதான். இலையில் தெரியும்போது மண்ணுக்குள் வேலை முடிந்திருக்கும்.

கவனக்குறைவு என்ற சொல்தான் தாங்க முடியவில்லை. விடியுமுன் வயலுக்குப் போய்ச் சாய்ந்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கிறவர்களிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

உங்களிடம் பயிர் நோய் படித்தவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியாததை நான் எழுதிவிடவில்லை. ஒரே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மண்ணோடு தோண்டியெடுத்துக் கழுவிய வேர், நீளவாக்கில் பிளந்த தண்டு, படத்துக்குக் கீழே நோய்க்கிருமியின் பெயர். வண்ணத்தில் அச்சிட்டால் நல்லது. புள்ளி கறுப்பா, தோல் பழுப்பா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி, ஒரு விவசாயி