இருபதுக்கு இருபது போட்ட கைகளுக்கு

வேலூர் மாவட்ட மேல்நிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் முதுகலை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் உங்களோடு வேலை பார்த்தவன். வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது குடியாத்தத்தில் என் வீட்டு மொட்டை மாடியில் மாலை வேளையில் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். காசு வாங்குவதில்லை. அங்கே போன ஜூன் கடைசியில் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டு, செய்முறைத் தேர்வில் நாம் போடுகிற மதிப்பெண், நடத்தாமல் விடுகிற பிளஸ் ஒன் பாடம் என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மா பீடி சுற்றுகிறார். மகளுக்கு பிளஸ் டூ வேதியியலில் 96. எழுத்துத் தேர்வில் 70க்கு 66, செய்முறையில் 20க்கு 20, அகமதிப்பீட்டில் 10க்கு 10. நீட்டில் மூன்று பாடமும் சேர்த்து 720க்கு 118. இரண்டு தாளையும் அம்மா முந்தானையில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். "பள்ளிக்கூடத்துல நல்லாப் படிக்கிற பொண்ணுன்னுதானே சார் சொன்னாங்க? அப்புறம் எப்படி?" என்று கேட்டார். அந்தப் பெண் தலையே நிமிரவில்லை. தான் ஒரு மக்கு, 96 ஏதோ தவறிப்போய் வந்தது என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்.

மறுநாள் அவள் கையில் ஒரு பிப்பெட்டை, அதாவது திரவத்தை அளந்து எடுக்கும் கண்ணாடிக் குழாயைக் கொடுத்து, பக்கெட்டில் இருந்து 20 மில்லி தண்ணீர் எடு என்றேன். கட்டைவிரலால் மேலே அடைத்தாள். தண்ணீர் நிற்காமல் ஒழுகியது. ஆள்காட்டி விரலால் மூடிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும், தண்ணீர் மட்டத்தின் வளைவின் அடிப்பகுதி குழாயின் கோட்டைத் தொடும்போது நிறுத்த வேண்டும் என்று காட்டினேன். நாலாவது முறை சரியாக வந்தது. "அப்போ செய்முறைத் தேர்வுல டைட்ரேஷன் எப்படிம்மா பண்ணே?" என்று கேட்டேன். "ரீடிங் போர்டுல எழுதிப் போட்டுட்டாங்க சார்" என்றாள். பிள்ளையே அளந்து கண்டுபிடிக்க வேண்டிய அளவு அது.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் நானும் எழுதிப் போட்டிருக்கிறேன். ஒரு வருடம் இல்லை, பல வருடம். அறுபது பிள்ளைகளுக்கு நாலு ப்யூரெட் (டைட்ரேஷனில் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாய்), அதில் ஒன்று கசியும். வெளித்தேர்வாளராக வருகிறவருக்கும் நம் கஷ்டம் தெரியும், அவர் பள்ளியிலும் அதே கதைதான். தேர்ச்சி விழுக்காட்டுப் பட்டியலில் நம் மாவட்டம் கடைசி வரிசையில் கிடக்கிற வருடங்களில் ஆய்வுக் கூட்டங்களில் என்ன பேச்சு வாங்குவோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை பாஸ் ஆகட்டும், நாலு மார்க் கூடப் போட்டால் யாருக்கு நஷ்டம் என்றுதான் நினைத்தேன். நஷ்டம் யாருக்கு என்று இப்போது மாடியில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

பொறியியல் கட்-ஆஃபைப் போட்டுப் பாருங்கள். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. இயற்பியலிலும் வேதியியலிலும் செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து முப்பது முப்பது. அது பாதியாகக் குறைந்து பதினைந்து பதினைந்து. கணிதத்தில் அகமதிப்பீடு பத்து. ஆக 200இல் 40, ஐந்தில் ஒரு பங்கு, பள்ளி அளவிலேயே போடுகிற மதிப்பெண். அதை எல்லோருக்கும் முழுசாக அள்ளிக் கொடுத்துவிட்டால், ஆய்வகத்தில் நின்று உண்மையாகவே செய்த பிள்ளைக்கு அந்த நாற்பதால் என்ன பயன்? அரை மதிப்பெண்ணுக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் நெருக்குகிறார்கள். எல்லாமே சமமாக வந்தால் கடைசியில் குலுக்கல் மாதிரி கொடுக்கும் ரேண்டம் எண் பார்த்துத்தான் வரிசை போடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 1984 முதல் 2006 வரை நுழைவுத் தேர்வு இருந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, முந்நூறுக்கு ரேங்க். ஒன்றில் சறுக்கினால் இன்னொன்று தாங்கும். இப்போது பொறியியலுக்கு பிளஸ் டூ மட்டும், மருத்துவத்துக்கு நீட் மட்டும். நடுவில் பாலம் கிடையாது. நீட்டை நான் ஆதரிக்கவில்லை. இரண்டு வருடம் பணம் கட்டி கோச்சிங் போகக்கூடிய வீட்டுக்குச் சாதகமான தேர்வு அது. நீட்டின் பாதிப்பை ஆராயத் தமிழக அரசு அமைத்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவும் 2021இல் அதைத்தான் சொன்னது. ஆனால் அதை நீக்குவது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. நம் கையில் இருப்பது பதினோராம் வகுப்பு.

அந்தப் பெண்ணுக்கு உலோகவியல் தலைகீழாகத் தெரியும், அது பிளஸ் டூ புத்தகத்தின் முதல் பாடம். புத்தகத்தின் பின்னால் இருக்கும் ஒரு மார்க் வினாக்கள் அத்தனைக்கும் விடை சொல்கிறாள். 18 கிராம் தண்ணீரில் எத்தனை மூலக்கூறு என்று கேட்டேன், விழித்தாள். எடையை வைத்து மூலக்கூறுகளை எண்ணும் இந்த மோல் கணக்கு பிளஸ் ஒன் புத்தகத்தின் முதல் பாடம். அதை அவளுக்கு இரண்டு வாரத்தில் முடித்துவிட்டு, ஆகஸ்டிலேயே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்திருக்கிறார்கள். நீட்டின் 180 கேள்வியில் கிட்டத்தட்ட பாதி பிளஸ் ஒன் பாடம். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் பிடிப்பார்கள். பாதிப் புத்தகம் படித்தவள் 118 வாங்கினாள் என்றால் அவள் மக்கு இல்லை, மீதிப் பாதியை நாம் கொடுக்கவில்லை.

இந்தக் குறுக்குவழியை அடைக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்தார்கள். அது இருந்தபோதே அவள் பள்ளியில் இப்படி நடந்திருக்கிறது. இப்போது 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் பாரம் குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கேட்க ஆள் இல்லை என்றதும் பல பள்ளிகள் பழைய வழிக்குப் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020 முதல் மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் அவர்கள் போட்டி போடுவது தங்களைப் போன்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடுதான். பிளஸ் ஒன் பாடத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு அடுக்கம்பாறையில் இருக்கும் நம் வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி அப்படி ஒன்றும் எட்டாத தூரம் இல்லை.

அதனால் கேட்கிறேன். பிளஸ் ஒன் பாடத்தை ஏப்ரல் வரை நடத்துங்கள், மோல் கணக்கை ஒரு மாதம் இழுத்தாலும் பரவாயில்லை. போர்டில் ரீடிங் எழுதாதீர்கள். பதினான்கு மதிப்பெண்ணுக்குச் செய்த பிள்ளைக்குப் பதினான்கு போடுங்கள், ஆனால் டிசம்பரிலேயே கூப்பிட்டு எங்கே தப்பு என்று காட்டி, தேர்வுக்குள் பதினெட்டு ஆக்குங்கள். தலைமை ஆசிரியர்களே, அப்படிப் போடுகிற ஆசிரியரை "உங்க சப்ஜெக்ட் மட்டும் ஏன் குறையுது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். என்னைக் கேட்டார்கள். அடுத்த வருடத்தில் இருந்து எல்லோருக்கும் இருபது போட்டேன்.

ப்யூரெட் போதவில்லை என்றால் என்னிடம் நான்கு இருக்கிறது, பிப்பெட் ஆறு. சனிக்கிழமைகளில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் எடுத்துக்கொண்டு வருகிறேன். பேர்ணாம்பட்டாக இருந்தாலும் சரி, காட்பாடியாக இருந்தாலும் சரி. அந்தப் பெண்ணும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள். விரலை எங்கே வைக்க வேண்டும் என்று இப்போது அவளே சொல்லிக் கொடுப்பாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
குடியாத்தம்.